வீட்டில் யாரும் சொல்லாத பெயர்

"யாரு வீடு?" என்று கேட்டார் பூசாரி.

என் மகன் தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தான். அப்போதுதான் ஆறு வயது முடிந்திருந்தது.

கல்லலுக்குப் பக்கத்தில் இருக்கிறது நான் வாக்கப்பட்ட ஊர். பிழைப்பெல்லாம் காரைக்குடியில்தான். ஆனாலும் அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு ஊரில் இல்லாவிட்டால் என் மாமனாருக்கு அந்த வருஷம் வருஷமே இல்லை. மண் குதிரைகளைத் தோளில் சுமந்து வந்து கோயில் வாசலில் இறக்கியாயிற்று. வேட்டுப் புகை இன்னும் மூக்கில் நின்றது. சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்கு முன்னால் ஒரே கூட்டம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பூசாரிக்கு எல்லா வீட்டையும் தெரியும். தெரிந்தாலும் கேட்பார். வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்லி, இன்னார் வீடு என்றால்தான் பங்கு விழும். மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டோம். மகன் அப்பா பெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவு. ஆகவே வீட்டிலேயே சின்ன ஆண்பிள்ளைதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

என் மாமனார் பெயர் கதிரேசன். பேரனுக்கும் அதே பெயர். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பெயரைத்தான் வைப்பது. இன்றைக்கு இந்தப் பெயரை இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறேனே, அதற்குப் பின்னால் ஒரு வருஷக் கதை இருக்கிறது.

"ததியேதன் வீடு" என்றான் என் மகன்.

பூசாரி நல்ல மனுஷர். கொட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை போல. குனிந்து, "என்னப்பு? திருப்பிச் சொல்லு" என்றார்.

சொன்னான். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "டேய், ததி!" என்றான். "நல்லா வாயத் தொறந்து சொல்லுப்பு" என்றார் பூசாரி. அதற்குப் பிறகு என் மகன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய அக்கா தேனு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய், "எங்க அய்யா வீடுதான், குடுங்க!" என்று வாளியைப் பிடுங்கி நீட்டினாள்.

பொங்கல் கிடைத்துவிட்டது. பிள்ளையின் பேச்சு போய்விட்டது. வீட்டுக்குள் எங்களிடம் வாயாடுவான். வாசற்படியைத் தாண்டினால் ஒரு வார்த்தை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினான்.

ஊர் சொன்ன வைத்தியம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தொண்டையைத் தெரியும். காரைக்குடிப் பொட்டலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். "பிரேக்கைப் பிடி! கண்ணைத் தொறந்து ஓட்டு!" என்று நான் கத்தினால் பள்ளத்தூர் வரைக்கும் கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர் முத்து. அப்பேர்ப்பட்ட தொண்டைக்காரி வயிற்றில் பிறந்த பிள்ளை, வெளியே ஊமையாக நின்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அவனுக்கு க, ச இரண்டுமே த ஆகிவிடும். ர வந்தால் ய. காக்காவைத் தாத்தா என்பான். சின்னப் பிள்ளையில் எல்லோரும் ரசித்தோம். கொஞ்சுகிறோம் என்று நாங்களும் அதே மாதிரி பேசினோம்.

யோசனை சொல்ல ஆளா பஞ்சம்? வசம்பைச் சுட்டு நாக்கில் தேய் என்றது எதிர்வீடு. நாக்குக்கு அடியில் இருப்பதை வெட்டிவிட்டால் சரியாகும் என்றார் ஒருவர். என்னிடம் வண்டி பழக வந்த அம்மாள், "ஆம்பளப் புள்ள அப்படித்தேன் டீச்சர், மீசை முளைச்சா சரியாப் போகும்" என்றாள். மீசை முளைக்கிற வரைக்கும் அவன் வாயை மூடிக்கொண்டே இருப்பதா? அன்று அவளை எட்டு போடச் சொல்லி நாலு சுற்று கூடுதலாகச் சுற்றவிட்டேன்.

எனக்குள் வேறொரு பயம் இருந்தது. திருப்பத்தூரில் என் அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். சந்தையில் வெங்காய வியாபாரம். நல்ல உயரம், நல்ல நிறம். பேச மாட்டார். விலை கேட்டால் விரலைக் காட்டுவார். கல்யாண வீட்டில் தூணோடு நிற்பார். திமிர் பிடித்தவர் என்று சொந்தமே ஒதுக்கிவைத்தது. அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாள், "அவனுக்குச் சின்னதுலேர்ந்து நாக்குத் திருந்தலடி. சிரிப்பாகளேன்னு பேசாமலே இருந்துட்டான்" என்று. ஒரு மனுஷர் ஆயுசு முழுக்கத் திமிர் பிடித்தவராக நடித்துவிட்டுப் போயிருக்கிறார். என் மகன் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கினான் என்று கேட்ட அன்று, எனக்கு அந்த மாமாவின் விரல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பேரனுக்குப் பார்க்கப் போய்

காரைக்குடியிலேயே மருந்துக்கடை மாடியில் பேச்சுப் பயிற்சியும் காது பரிசோதனையும் பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். ஷர்மிளா என்று பெயர், திருச்சிப் பக்கம். எங்களோடு மாமனாரும் கிளம்பினார்; அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். "நான் வராம எப்படி?" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஷர்மிளா முதலில் பிள்ளையின் காதைப் பரிசோதித்தாள். பழுதில்லை. நாக்கு, அண்ணம், பல் எல்லாம் பார்த்தாள். எதிலும் குறையில்லை.

"சில சத்தத்தை நாக்கு எந்த இடத்துல செய்யணும்னு அவன் தப்பாப் பழகிட்டான். அவ்வளவுதான்மா. புதுசாப் பழக்கிடலாம்" என்றாள்.

"எத்தன நாளாகும்?" என்றார் முத்து.

"அது உங்க வீட்டைப் பொறுத்தது சார். என்கிட்ட வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருப்பான். மிச்ச நேரமெல்லாம் உங்க கூடத்தானே?"

மாமா முன்னால் குனிந்து, "ஆங்?" என்றார். ஷர்மிளா மறுபடி சொன்னாள். மறுபடி "ஆங்?" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயா, அந்த ரூமுக்குள்ள கொஞ்சம் வந்து உட்காருங்களேன்" என்றாள்.

பேரனுக்குப் பார்க்கப் போய், தாத்தா காதில் மிஷின் மாட்டிக்கொண்டு வந்தோம். கொஞ்ச நாள் வீட்டில் அக்கப்போர்தான். "ஃபேன் இம்புட்டுச் சத்தமா போடுது? இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று எங்களிடமே சண்டைக்கு வந்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் ராஜினாமா

வீட்டுக்கு ஷர்மிளா போட்ட சட்டம் இது. பிள்ளைக்குப் பதிலாக யாரும் பேசக்கூடாது. தப்பாகச் சொன்னால் திருத்தி அதட்டக்கூடாது. அதே சொல்லை நாம் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். வந்த விருந்தாளிக்கு முன்னால் சொல்லிக்காட்டு என்று நிறுத்தக்கூடாது. பயிற்சி கொஞ்ச நேரம்தான், தினமும், விளையாட்டாக. அப்புறம், 'திருப்பிச் சொல்லு' என்ற வார்த்தை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

கேட்கச் சுலபமாக இருந்தது. நடத்திப் பார்த்தால் அல்லவா தெரிகிறது!

தேனுவுக்குத்தான் பெரிய கஷ்டம். பத்து வயதுக்காரி, தம்பி பேச்சுக்கு ஊர் முழுக்க அவள்தான் மொழிபெயர்ப்பாளர். கடையில் தம்பி எதையோ கேட்டுத் திணறும்போது இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட நிற்பாள். "சொல்லவாம்மா? சொல்லவாம்மா?" என்று என் முந்தானையை இழுப்பாள். நான் இழுத்துப் பிடித்துக்கொள்வேன். கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். அவரும் பொறுமையாக நிற்பார்.

க-வுக்கு நாக்கின் பின்பக்கம் தூக்க வேண்டும். தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னாள் ஷர்மிளா. எங்கள் வீட்டில் காலையில் நாலு பேரும் பின்கட்டில் வரிசையாக நின்று அண்ணாந்து கொப்பளித்தோம். மாமாவும் சேர்ந்துகொண்டு சட்டையை நனைத்துக்கொண்டார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். அப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு நாள் தண்ணீர் இல்லாமலே ஒரு 'க்' வந்தது. நான் தோசைக் கரண்டியோடு ஓடி வந்தேன். தோசை கருகிப்போனது. போகட்டுமே!

அப்புறம் சமையலறையில் கத்தரிக்காய், கருவேப்பிலை, கருணைக்கிழங்கு. ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் கடை, கம்பி, கோயில். முத்து பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் பங்குக்குக் கறுப்பு, காவி என்று டப்பா டப்பாவாகக் கேட்டு வாங்கினார். சில நாள் ஒன்றுமே வராது. "எனத்து வேணாம் போ" என்று, வாயைப் பார்த்துப் பழக வைத்திருந்த கண்ணாடியைக் கவிழ்த்துவிடுவான். சரி வேண்டாம் என்று விட்டுவிடுவோம். மறுநாள் அவனே வந்து நிமிர்த்துவான்.

க வந்தது. பிறகு ச கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ர மட்டும் முரண்டு பிடித்தது.

போன் அக்கா

அந்தச் சமயத்தில்தான் ஷர்மிளா கேட்டாள். "இனிமே அவனுக்கு ரொம்பத் தேவையான வார்த்தையை எடுத்துக்கலாம். அவன் பேரு. மூணு சத்தமும் அதுல இருக்கு. வீட்டுல பேர் சொல்லித்தானே கூப்பிடுறீங்க?"

நானும் முத்துவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி என்போம். அய்யா என்போம். குட்டி என்போம். பெயரை யார் சொன்னார்கள்? பிரசவ வார்டில் நர்ஸ், "பிள்ளைக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டபோதே, "எங்க மாமா பேரு" என்றுதான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு முத்துவைக் கூப்பிட்டாள். முத்து தன் அப்பாவின் ஆதார் கார்டை நீட்டினார். மற்ற அம்மாக்கள் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சுகமும் கிடையாது. பிள்ளையைத் திட்டினால் மாமனாரைத் திட்டினது மாதிரி ஆகிவிடும். ஆக, என் மகன் தன் பெயரைக் கேட்டதெல்லாம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் மட்டும்தான்.

இதை ஷர்மிளாவிடம் எப்படிச் சொல்வது? "கூப்பிடுறோம் மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் முத்து ஒரு வழி கண்டுபிடித்தார். போனில் பெயரைத் தட்டி, அதையே சத்தமாக வாசிக்கவைத்தார். உள்ளே இருக்கிற பெண் குரல் "கதிரேசன்" என்றது. ஆகா, பிரச்சினை தீர்ந்தது! எங்கள் வாயும் மீறவில்லை, பிள்ளைக்கும் பயிற்சியாயிற்று. போன் அக்கா காலையில் சொன்னாள், சாயங்காலமும் சொன்னாள். பிள்ளையும் கூடவே சொன்னான்.

இரண்டு நாள் கழித்து மாமா என்னைக் கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏத்தா, காலையிலேர்ந்து எவளோ ஒருத்தி என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காளே. யாரு அது?"

மிஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, போன்தான் மாமா என்றேன். "ஓகோ" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் ஷர்மிளா முன்னால் பிள்ளை பெயரைச் சொன்னான். ர அரைகுறைதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரே மட்டமாக, உயிரே இல்லாமல், அச்சு அசல் அந்தப் போன் குரலில் வந்தது. ஷர்மிளா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதை யார்டா சொல்லிக்குடுத்தா?"

"போன் அக்கா" என்றான்.

உண்மையைச் சொல்லியாக வேண்டியதாயிற்று. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாமாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "உங்க வழக்கத்தை நான் தப்புச் சொல்லலம்மா. ஆனா அவனுக்குப் பிடிச்சவங்க வாயால அந்தப் பேரை அவன் கேட்டதே இல்லை. மத்தவங்க சிரிச்சுத்தான் கேட்டிருக்கான். அப்புறம் எப்படி அதைச் சொல்ல ஆசை வரும்?" என்றாள்.



சட்டைப் பையில் மிஷின்

சாயங்காலம் காப்பி கொடுக்கப் போனேன். டம்ளரை வாங்காமல், "ஏத்தா, அவனக் கூப்பிடு" என்றார்.

"தம்பீ" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

"அப்படி இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிடு."

"மாமா, அது எப்படி... எனக்கு வாய் வராது. மரியாதை இல்ல."

"யாருக்கு மரியாதை? எனக்குத்தான? என் காதுல விழுந்தாத்தான குறைச்சல்?"

சொல்லிக்கொண்டே காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டிக்கொண்டார். நாற்காலியைத் தெருக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இப்ப எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. நான் அங்குட்டுத் திரும்பவும் மாட்டேன். நீ கூப்பிடு."

பிள்ளை வந்து நின்றான். தேனுவும் வந்தாள். முத்து அப்போதுதான் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

பொட்டலில் நாள் பூராவும் கத்துகிற நான், காப்பி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மாமாவின் முதுகைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தேன்.

"கதிரேசா" என்றேன்.

பிள்ளை திகைத்துப்போய், "என்னயவா?" என்றான்.

"ஒன்னயத்தான்டா. கதிரேசா, இங்க வா."

அவன் முகத்தில் அன்று வந்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. "இன்னொரு தடவ தூப்பிடும்மா" என்றான். ஆசையில் பழைய நாக்கு வந்துவிட்டது. நான் கூப்பிட்டேன். முத்து கூப்பிட்டார். தேனு சும்மா விடுவாளா? வீடு முழுக்க ஓடி ஓடிக் கூப்பிட்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"கூப்பிட்டாச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார் மாமா, திரும்பாமல்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் ஏற்பாடு. பயிற்சி நேரம் வந்தால் மிஷின் பைக்குப் போய்விடும், நாற்காலி கதவைப் பார்த்துத் திரும்பிவிடும். நல்லபடியாகக் காது கேட்க ஆரம்பித்த மனுஷர், ஒரு நாளின் மிகச் சந்தோஷமான நேரத்தில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பேரன் பெயர் திருந்தி வந்த ஒவ்வொரு படியும் எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. போதும் மாமா, மாட்டிக்கிடுங்க என்று ஜாடை காட்டினாலும் கேட்க மாட்டார். எத்தனையோ வீட்டு மாமனார்களைப் பற்றி என் மாணவிகள் அழுதிருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் இவர் என்று ஊருக்கே சொல்லிக்கொள்வேன்.

மறுபடியும் அதே வாசல்

அடுத்த புரவி எடுப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று எனக்கும் முத்துவுக்கும் வாரம் முழுக்க வாதம். ர வந்துவிட்டது, ஆனால் பதற்றத்தில் வழுக்கும். போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை நடந்தால் அந்த வாய் அப்புறம் திறக்குமா? வாளியை நானே அலமாரி மேல் தட்டில் ஒளித்துவைத்தேன்.

கிளம்புகிற அன்று அவனே நாற்காலி போட்டு ஏறி வாளியை எடுத்துக்கொண்டு வந்தான். "நான் போவேன்" என்றான். அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

அதே கூட்டம், அதே வேட்டு. மிஷினில் கொட்டுச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று மாமா அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கோயில் மேட்டில் குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை வரிசையில் நின்றான். அதே பையன்கள் பின்னால். தேனு துப்பட்டா நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். நான் முத்துவின் கையைப் பிடித்திருந்தேன். நகம் பதிந்துவிட்டது என்று பிறகு காட்டினார்.

"யாரு வீடு?" என்றார் பூசாரி.

அவன் உடனே சொல்லவில்லை. எச்சிலை விழுங்கினான். நாக்கை இடம் பார்த்து வைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

"கதிரேசன் வீடு."

க இருந்தது. ர இருந்தது. ச இருந்தது. போன் அக்கா குரல் இல்லை. என் மகன் குரல்.

பூசாரி கரண்டியோடு நிமிர்ந்தார். "அடி சக்கை! கதிரேசன் வீட்டுக்கு இன்னொரு கரண்டி" என்று வாளியில் கூடுதலாகப் போட்டார். பின்னால் இருந்த பையன், "டேய், தள்ளுடா, அடுத்து நானு" என்றான். அவ்வளவுதான். அவனுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

பிள்ளை மேட்டுக்கு ஓடினான். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். மாமா அவன் வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறார், சத்தம் கேட்கவில்லை. அவசரமாகப் பைக்குள் கையை விட்டார். மிஷினை எடுத்துக் காதில் திணித்தார். அது கீச்சென்று கத்தி அடங்கியது.

"காதுல விழுகலப்பு" என்றார். "திருப்பிச் சொல்லு."

எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. தேனு என்னைப் பார்த்தாள்.

பிள்ளை வாளியைக் கீழே வைத்தான். மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"கதிரேசன் வீடு!"

"யாரு வீடு?"

"கதிரேசன் வீடு!"

"ஆங்?"

"கதிரேசன் வீடு, கதிரேசன் வீடு, கதிரேசன் வீடு!"

கேட்டுவிட்டது என்று எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் இவர் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேட்டுப் பொகை" என்றார். வேட்டு போட்டு ரொம்ப நேரமாகியிருந்தது.

பொழுது சாய்ந்தது. முத்து வண்டியை எடுக்கப் போனார். பிள்ளை குதிரைக் காலுக்கடியில் செருப்பை விட்டுவிட்டு, கூட்டத்தில் யாரோ ஒரு பையனோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனான். சொந்தமும் பங்காளியும் சுற்றி நிற்கிறார்கள். மாமா எனக்கு முன்னால் ஓரடி தூரத்தில், காதில் மிஷினோடு நிற்கிறார்.

"ஏய் கதிரேசா! செருப்ப எடுத்துக்கிட்டு வாடா!" என்று கத்தினேன், பொட்டலில் கத்துகிற அதே தொண்டையில்.

ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மாமா மட்டும் திரும்பவில்லை.